லென்ஸ் வளையத்தில் நகப்பூச்சு

மயிலாப்பூர்
9 ஜூன் 2025

அன்புள்ள ஷஃபி பாய்,

நலமா என்று வாட்ஸ்அப்பில் பலமுறை கேட்டுவிட்டேன். எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. மருமகள் மாளவிகா கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, அவர் உங்களை பிளாக் பண்ணிட்டார்" என்றாள். பிளாக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஒருமுறை கேட்டு வைத்தேன்.

ஆகவே தபால். நேரிலும் வரலாம். ஆனால் லஸ் முனையில் மெட்ரோக்காரர்கள் தோண்டி வைத்திருக்கும் நிலையில் கே.கே. நகருக்கு வருவதைவிட ஜப்பானுக்குப் போவது சுலபம். வந்து நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் ஒரு காரணம்.

போருக்கு முந்தைய ஜப்பானிய மடிப்புக் கேமரா ரசிகர் சங்கத்துக்கு நான் தலைவர், நீங்கள் செயலாளர். வேறு உறுப்பினர்களே இல்லாததால் இத்தனை வருஷமாக நம்மிடையே கோஷ்டிப் பூசல் இல்லாமல் இருந்தது. அதற்கு இப்போது என்ன கேடு வந்தது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கண் அறுவைக்குப் போகுமுன் உங்கள் செமி பேர்ல் கேமராவை என்னிடம் கொடுத்தீர்கள். லென்ஸுக்குப் பின்னால் மடியும் தோல் துருத்தியில் ஊசி ஓட்டை விழுந்து படத்தில் வெளிச்சம் கசிகிறது, அதை மட்டும் அடைத்துக் கொடுங்கள் என்றீர்கள். 'மட்டும்' என்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் முப்பத்தெட்டாம் வருஷத்துக் கேமரா கைக்கு வரும்போது ஓட்டையை மட்டும் அடைத்துத் திருப்பிக் கொடுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னால் காதை மட்டும் துடைத்துக் கொடுப்பது மாதிரி.

இருட்டறையில் துருத்திக்குள் டார்ச்சை விட்டுப் பார்த்து, ஓட்டைகளை அடைத்தேன். முன்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். தோலுக்கு மெழுகு தேய்த்தேன். பின்புறத்துச் சிவப்பு ஜன்னலில் படிந்த தூசு போய், ஃபிலிம் எண் பளிச்சென்று தெரிகிறது. லென்ஸைச் சுற்றியிருக்கும் தூர வளையத்தில் எவனோ ஒரு காட்டுமிராண்டி மூன்று இடங்களில் மெரூன் நகப்பூச்சை அப்பி வைத்திருந்தான். உங்களுக்கு விற்றவன் வேலையாக இருக்கும். நகப்பூச்சு அழிக்க என் மனைவி காமாக்ஷி வைத்திருக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, துளி அடையாளம் இல்லாமல் எடுத்துவிட்டேன். இப்போது தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கிறது.

கொண்டுவந்து கொடுத்த அன்று திறந்து பார்த்தீர்கள். மூடினீர்கள். டீ கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனீர்கள். டீயும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. கண்ணுக்கு மருந்து விடும் நேரம் போலிருக்கிறது என்று நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

குறை என்னவென்று எழுதுங்கள். துருத்தி இன்னும் கசிகிறதா?

தங்கள்
வேதாந்தம்
தலைவர்


கே.கே. நகர்
14 ஜூன் 2025

தலைவர் அவர்களுக்கு,

துருத்தி கசியவில்லை. நல்ல வேலை.

அந்தக் காட்டுமிராண்டி என் மனைவி.

குல்சும் போய் இந்த பக்ரீதோடு இரண்டு வருஷம். உங்களுக்குத் தெரிந்த குல்சும், நீங்கள் வந்தால் தனிப் பாத்திரத்தில் பால் காய்ச்சுகிறவள். அவள் படம் எடுப்பாள் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

செமி பேர்லின் வளையத்தில் தூரம் மீட்டரில் போட்டிருக்கிறது. "ரெண்டு மீட்டர்னா இன்னாங்க, எத்தினி முழம்?" என்பாள். சொல்லுவேன். "அத்த முழத்துலயே எழுதி வெக்கறதுக்கு இன்னா, உங்க ஜப்பான்காரனுக்குக் கை இல்லியா?" என்பாள். ஒரு நாள் வளையத்தில் மூன்று புள்ளிகளை வைத்துவிட்டாள். ஒன்று ஹாலுக்கு, ஒன்று மொட்டை மாடிக்கு, ஒன்று வாசல் கேட்டுக்கு. எங்கே எடுக்கிறோமோ அந்த இடத்துப் புள்ளியைக் கோட்டுக்கு நேராகத் திருப்பினால் போதும். எண்ணைப் பார்க்க வேண்டாம். தடியாகத்தான் வைத்திருந்தாள், விரல் நுனிக்குத் தட்டுப்படும். என் கண் மங்கின பிறகு நானும் புள்ளியைத் தடவித்தான் எடுத்தேன். அவள் போன பிறகும் அப்படித்தான். ஹாலில் நின்று வளையத்தைத் திருப்பும்போது விரலுக்கு அடியில் அது வந்து நிற்கும்.

அறுவை முடிந்து, கட்டு அவிழ்த்து, புதுக் கண்ணால் நான் முதலில் ஒழுங்காகப் பார்த்த பொருள் தங்கள் கைங்கரியத்தால் பளபளத்த அந்த வளையம்.

நான் 'மட்டும்' என்று சொன்னேன்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு தனியே வந்து சேரும்.

ஷஃபியுல்லா


மயிலாப்பூர்
18 ஜூன் 2025

அன்புள்ள ஷஃபி பாய்,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் காமாக்ஷியிடம் கொடுத்தேன். அவள் ஒருமுறைதான் படித்தாள்.

"ஏன்னா, நெயில் பாலிஷ்னு தெரிஞ்சிண்டுதானே துடைச்சேள்?"

"ஆமாம்."

"எந்த ஆம்பளை கேமராவுக்கு நெயில் பாலிஷ் வெப்பான்? ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கப்படாதோ?"

"வித்தவன் வெச்சிருப்பான்னு நினைச்சேன்."

"நினைப்பேள்."

அசிட்டோன் அவளுடையது என்பதால் தானும் உடந்தை என்று வருத்தப்படுகிறாள்.

நான் வருந்துகிறேன். அதை எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டாவது வரியிலேயே அசிட்டோன் பித்தளையைப் பாதிக்காது என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

பரிகாரம் ஒன்று செய்யலாம் என்று பாண்டி பஜாருக்குப் போனேன். அலங்காரச் சாமான் கடையில் நின்ற பெண்ணிடம் மெரூன் நகப்பூச்சு கேட்டேன்.

"மெரூன்ல நெறைய ஷேடு கீது சார். யாருக்கு?"

"கேமராவுக்கு."

அவள் இன்னொரு பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தது. "வூட்ல மேடத்தைக் கூட்டிக்கினு வாங்க சார்" என்றாள் முதல் பெண், மிகுந்த அனுதாபத்தோடு. கிட்டத்தட்டச் சரியாகத் தோன்றிய ஒன்றை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று புள்ளிகளும் எந்தெந்த எண்ணுக்கு நேராக இருந்தன என்று மட்டும் எழுதுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். துடைத்த அன்றே வளையத்தை லூப்பில், அந்தச் சின்னப் பூதக்கண்ணாடியில், வைத்துப் பார்த்தேன். ஒரு தடயமும் இல்லை. இவ்வளவு சுத்தமாக நான் என் வாழ்நாளில் எதையும் துடைத்ததில்லை. துடைக்குமுன் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம். அழுக்கைப் படமெடுத்து வைப்பது நம் வழக்கமில்லை.

உங்கள் ராஜினாமாவை ஏற்க இயலவில்லை. அதைக் கூட்டத்தில் வைத்து ஏற்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நீங்கள் வராமல் விலக முடியாது.

வேதாந்தம்


கே.கே. நகர்
27 ஜூன் 2025

தலைவர் அவர்களுக்கு,

நகப்பூச்சைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது மெரூன் அல்ல, பிளம். என் தங்கை முத்திரை குத்திச் சொல்லிவிட்டாள்.

புள்ளிகள் எந்த எண்ணுக்கு நேராக இருந்தன என்று கேட்கிறீர்கள். அது தெரிந்தால் புள்ளி எதற்கு?

எண்ணை நான் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்ததில்லை. இப்போது ஹாலில் நின்று எவ்வளவு திருப்பினாலும் வளையம் வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூடி வைத்துவிடுகிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் மந்தைவெளியில் நாம் கண்காட்சி வைத்தோம். நான் கொண்டுவந்த மூன்று படங்களை நீங்கள் மாட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சுவரை எடுத்திருக்கிறீர் பாய். குறுக்கே யாரோ வந்துவிட்டார்கள் போலிருக்கிறது" என்றீர்கள். நன்றாகத்தான் இருந்தது. நானே சிரித்தேன்.

அவை நான் எடுத்தவை அல்ல.

அன்று வீட்டுக்குப் போனபோது குல்சும் புது சேலை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள், மறுநாள் வரைக்கும் காத்திருக்காமல் அன்றே பார்க்க வரலாம் என்று. நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. ஹாலில் இடமில்லை என்றேன்.

"அவ்ளோ பேரா படம் குடுத்துக்கீறாங்க?"

"ஆமாம்."

"அட்த்த தபா பெரிய ஹாலா புடிக்கச் சொல்லுங்க உங்க தலைவர" என்று சொல்லிவிட்டு சேலையை மாற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜனவரியிலும் கேட்பாள், தலைவர் ஹால் பிடித்துவிட்டாரா என்று. கடைசி ஜனவரியிலும் கேட்டாள்.

இன்னொன்று. அந்தக் கேமராவை எனக்கு யாரும் விற்கவில்லை. அவள் அத்தா, என் மாமனார், பினாங்கிலிருந்து கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தது. சங்கப் பதிவில் என் பெயரில் இருக்கிறது. நீங்கள் எழுதினீர்கள், நான் திருத்தவில்லை.

ஷஃபியுல்லா


மயிலாப்பூர்
19 ஜூலை 2025

ஷஃபி பாய்,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது.

நாம் கண்காட்சி வைத்தது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். ஒரு பந்திக்கு இருநூறு இலை போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு படங்களைத்தான் மாட்டியிருந்தோம். மீதிச் சுவரில் 'கை கழுவும் இடம்' என்று ஒரு பலகை இருந்தது.

அந்தப் படங்கள் இன்னும் இருந்தால் பார்க்கக் கொடுப்பீர்களா? மாட்டுவதற்கு இல்லை. மாட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

வே.


கே.கே. நகர்
26 ஜூலை 2025

தங்கை மகன் உபைத் வேலை விஷயமாக அடையாறு பக்கம் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த மூன்று மட்டும் இல்லை, அலமாரியில் கிடைத்ததெல்லாம்.

துடைக்க வேண்டாம்.

ஷ.


மயிலாப்பூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷஃபி பாய்,

துடைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

படங்களை மேஜையில் பரப்பி லூப்பை வைத்துப் பார்த்தேன். முதலில் ஹாலில் எடுத்தவை. உங்கள் மகள் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிறாள். முகம் புகை மாதிரி இருக்கிறது. அவளுக்குப் பின்னால் அரிசி மண்டிக் காலண்டரில் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று படிக்க முடிகிறது. மாடியில் எடுத்தவற்றில் நீங்கள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மிளகாயைக் கிளறுகிறீர்கள். நீங்கள் என்று நான் சொல்வது ஊகம்தான். கைப்பிடிச் சுவரின் விரிசல் மட்டும் மயிரிழை மாதிரி விழுந்திருக்கிறது. கேட்டில், பெருநாள் சட்டைகளில் பிள்ளைகள். பிள்ளைகள் எல்லாரும் பஞ்சு. தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர் வீட்டுச் சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்பதன் கால்களும் கொம்புகளும் அச்சடித்த மாதிரி.

ஒரு படம் பிசகினால் கை பிசகியது என்று சொல்லலாம். எல்லாப் படமும் ஒரே விதமாகப் பிசகினால் அது பிசகு அல்ல, முறை. கணக்குத் தணிக்கைப் பிரிவில் ஓய்வுபெறும்வரை இதைச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். மந்தைவெளியில் மட்டும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்தான் தெளிவாக இருக்கிறது என்று வாய்விட்டும் சொல்லிவிட்டு, ஏன் சுவர் என்று கேட்காமல் சிரித்திருக்கிறேன்.

குல்சும் அம்மா தூரத்தை ஆள்வரை அளக்கவில்லை. ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவர்வரை அளந்திருக்கிறார். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துத்தான் எடுத்தாக வேண்டும். மாடியிலும் கேட்டிலும்கூட அந்தத் திறப்பை அவர் மாற்றவில்லை. அப்படித் திறந்தால் அளந்த தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். முன்னால் நிற்பது கரையும். அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் புள்ளிகளைக் கண்டுபிடித்துவிடலாம். அவர் எங்கே நின்று எடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து சுவர்வரை அளந்து அனுப்புங்கள். வளையத்தில் அந்தத் தூரம் எங்கே விழும் என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் தெளிவாக விழும்படி புள்ளியைச் சற்று முன்னாலும் வைக்க முடியும். தொழில்நுட்ப முறைப்படி அதுதான் சரி. எது வேண்டும்? இந்த முறை கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

வேதாந்தம்


கே.கே. நகர்
12 ஆகஸ்ட் 2025

வேதாந்தம் சார்,

நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அவள் அளந்த அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவனே நான்தான்.

சட்டை தைக்கிற டேப். ஹாலுக்கு நீளம் பத்தாது. ஒரு முடிச்சு விட்டு, முந்தானையைச் சேர்த்துப் பிடித்து, ஏதோ கணக்குப் பண்ணினாள். நான் ஆள் நிற்கும் இடத்தில் நின்று முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அங்க ஏன் நிக்கறீங்க? செவுத்துல வெச்சிப் புடிங்க."

"படம் எடுக்கப்போறது ஆளையா, செவுத்தையா?"

"ஆளு எங்க நிக்குது? நீங்க பத்து நிமிஷம் ஒரு எடத்துல நின்னு நான் பாத்ததில்ல. புள்ளைங்களக் கேக்கவே வேணாம். செவுருதான் சொன்ன எடத்துல நிக்கும். செவுத்துல புடிங்க."

பிடித்தேன். அவளுடைய அந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு பிரியாணி நாள். வாதாடவில்லை. பிறகு படங்களெல்லாம் புகையாக வந்தபோது, பழைய லென்ஸ் இல்லையா என்று சொல்லிவிட்டேன். லென்ஸ் மீதும் ஹால் மீதுமாகப் பழியைப் போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறேன். அளவை எங்கே பிடிப்பது என்று ஒரு வார்த்தை அன்றே சொல்லியிருந்தால், இன்று என்னிடம் என் மகளின் முகம் இருந்திருக்கும்.

நேற்று அதே டேப்பை எடுத்தேன். ஹாலில் அவள் சமையலறை வாசற்படியில் நின்றுதான் எடுப்பாள், அடுப்பின் மேல் ஒரு கண் வேண்டும். அங்கிருந்து காலண்டர் சுவர்வரை அளந்தாயிற்று. மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை. இரண்டு அளவும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மீட்டரில்.

கேட்டை அளக்க முடியவில்லை. எதிர் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். சுவர் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது, தண்ணீர் நிற்கிறது. தெருவையும் உயர்த்திவிட்டார்கள். காவலாளியிடம், "இங்கே சுவர் எதுவரை இருந்தது?" என்று கேட்டேன்.

"எந்தச் செவுரு, பாய்?"

"நோட்டீஸ் ஒட்டாதேன்னு எழுதியிருக்கும்."

"இப்போ ஒட்டிக்கோ பாய், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

எது வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுவருக்கே வையுங்கள். இந்த வீட்டில் நாங்கள் அப்படித்தான் விழுந்தோம்.

கேமராவை உபைத் கொண்டுவருகிறான்.

ஷஃபியுல்லா


மயிலாப்பூர்
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷஃபி பாய்,

கேமரா இத்துடன் வருகிறது. இரண்டு புள்ளிகள் இருக்கின்றன.

இடத்தைக் குறித்தது நான். பின்பக்கம் ஃபிலிம் இருக்கும் இடத்தில், பிம்பம் விழும் பால்கண்ணாடியை வைத்து, நீங்கள் எழுதிய தூரத்தில் ஒரு காலண்டரை மாட்டி, அது தெளியும்வரை வளையத்தைத் திருப்பி, ஊசி முனையால் குறித்தேன். பூச்சை வைத்தது காமாக்ஷி. தூரிகையை நான் எடுத்தபோது, "உங்க கை வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டாள். மெரூனும் அவளே போய் வாங்கிவந்தாள். தடியாக வை என்றேன். "எல்லாம் நேக்குத் தெரியும், நீங்க செத்த நகருங்கோ" என்றாள்.

மூன்றாவது புள்ளி வைக்கவில்லை. பிள்ளைகளின் உயரத்தையும் எழுத்துகளின் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய வந்தது. ஏறக்குறைய வைத்துவிட்டு அதை குல்சும் அம்மாவுடையது என்று உங்களிடம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. நான் துடைத்தபடியே இருக்கிறது. வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் உங்கள் விரல் அதைக் கடந்து போகும். அதற்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சங்கத்தின் பதிவில் கேமராவின் உரிமையாளர் பெயரைத் திருத்திவிட்டேன். திருத்தும்போதுதான் தோன்றியது, சங்கத்தில் இத்தனை வருஷமும் மூன்று பேர் இருந்திருக்கிறோம். இரண்டு பேருக்குத்தான் அழைப்பு போயிருக்கிறது.

படங்களையும் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஜனவரியில் அந்த மண்டபத்தைப் பதிவு செய்யலாமா என்றும் விசாரித்தேன். கூடம் காலியாகத்தான் இருக்கிறதாம். மேலாளரிடம், "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குல்சும் அம்மா கேட்ட வருஷங்களில் மாட்டியிருக்க வேண்டும். இப்போது மாட்டினால் அது எனக்காக மாட்டியதாக இருக்கும். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி.

ஹாலில் இடம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாததால் உங்களிடம் எழுதுகிறேன்.

வேதாந்தம்


கே.கே. நகர்
15 செப்டம்பர் 2025

வேதாந்தம் சார்,

ஒரு ஃபிலிம் போட்டு முடித்தேன். கழுவி நேற்று வந்தது.

காமாக்ஷி அம்மா வைத்த புள்ளி குல்சும் வைத்த புள்ளி இல்லை. விரல் உடனே சொல்லிவிட்டது. அவளுடையது ஒரு பக்கம் வழிந்து காய்ந்திருக்கும், இது உருண்டையாக இருக்கிறது. ஆனாலும் நகப்பூச்சு நகப்பூச்சுதான். வளையம் வழுக்கவில்லை, வந்து நிற்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாசற்படியில் அவள் நிற்கிற மாதிரி நின்று, ஹால் புள்ளியைக் கோட்டுக்கு நேராகத் திருப்பி எடுத்தேன். காலண்டர் ஆணி தெரிகிறது. சுவிட்ச் பலகையின் திருகில் இருக்கும் கீறல் தெரிகிறது. வெள்ளை அடித்தவன் விட்டுப்போன தூரிகை மயிர் ஒன்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் அதை நான் பார்த்ததில்லை. உங்கள் கணக்கு சரி. பதினாறு படமும் அப்படியே. பதினாறும் சுவர்.

முன்னால் நிற்க ஆள் இல்லை. மகள் தோஹாவில் இருக்கிறாள். உபைதை நிற்க வைத்தேன். நான் ஷட்டரை இழுத்து வைப்பதற்குள் அவனுக்கு போன் வந்து மாடிக்குப் போய்விட்டான்.

மண்டபம் வேண்டாம். பெரிய ஹாலாகப் பிடிக்கச் சொன்னவள் அவள். வந்து பார்க்க அவள் இல்லை. நீங்களும் நானும் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது தனியாக இருக்கிறது. நீங்கள் 'மட்டும்' என்பதைக் கேட்டிருக்கலாம். நான் அவளைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் இனி யாரும் துடைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கும். வந்தால் சுவர் முன்னால் நில்லுங்கள், எடுக்கிறேன். கரைந்துதான் விழுவீர்கள், அதற்குத் தயாராக வாருங்கள். டீ உண்டு.

வழக்கமாகப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். வெள்ளைச் சட்டைக்காரர்களைக் குல்சும் எடுக்கவே மாட்டாள். "செவுத்தோட செவுரா பூடுவீங்க, அப்பறம் நான் யாரன்னு தேடறது" என்பாள்.

ஷஃபி